ஃபுட்பால் கேட்டேன், மேடன் வந்தார்

மகன் தேசிய சேவைக்குப் போன பிறகு அவன் அறையில் ப்ளேஸ்டேஷன் 5 தூசி படிந்து கிடந்தது. சனிக்கிழமை வந்தால் தூங்குவான், ஞாயிறு சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். நான் பஸ் ஓட்டுகிறேன். இங்கே சிங்கப்பூரில் எங்களை பஸ் கேப்டன் என்பார்கள். காலையில் ஒரு ஓட்டம், மாலையில் ஒரு ஓட்டம் என்று ஷிஃப்ட் பிரிந்து வரும் நாட்களில் நடுவில் நாலு மணி நேரம் சும்மா இருக்கும். டிப்போவில் படுத்துக் கிடப்பதற்கு வீட்டில் ஃபுட்பால் விளையாடலாமே என்று தோன்றியது. இணையத்தில் பழைய கேம் டிஸ்க் விற்கும் ஒருவரிடம் ஃபுட்பால் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் 15 வெள்ளி (டாலர்) கை மாறியது. அட்டையைப் பார்க்காமல் பையில் போட்டது என் தப்பு.

வீட்டில் எடுத்துப் பார்த்தால் மேடன் என்எஃப்எல் 23. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம் போட்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால். அட்டையில் விளையாட்டு வீரர் யாரும் இல்லை, கனத்த உடம்போடு ஒரு பயிற்சியாளர், ஜான் மேடன். மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஆறேழு வந்தது, பதில் வரவில்லை.

திருப்பிக் கொடுக்கச் சோம்பல்பட்டுத்தான் போட்டேன். டிஸ்க் ஓட ஆரம்பித்ததும் ஓக்லண்ட் மைதானத்தில் ஒரு ஆட்டம் தொடங்குகிறது. எல்லாக் காலத்து நட்சத்திரங்களும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் பயிற்சியாளர் மேடன்தான். நடுவில் அவருடைய குரலும் வருகிறது. 2021 டிசம்பர் 28 அன்று தம் 85 வயதில் அவர் இறந்தார். அதற்குப் பிறகு வந்த முதல் பதிப்பு இது, 2022 ஆகஸ்ட்டில் வெளியானது. அந்த ஆட்டத்தில் நான் எப்படித் தோற்றேன் என்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை, எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியாது. ஆனால் அந்தக் குரல் யாருடையது என்று தேடப்போய், டிஸ்க்கை விட்டுவிட்டு ஒரு வாரம் மேடனைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

ஜான் மேடன் 1936இல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர், வளர்ந்தது கலிஃபோர்னியாவில். 1958இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் பயிற்சி முகாமிலேயே முழங்கால் போய்விட்டது. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. முட்டிக்குச் சிகிச்சை எடுக்கக் காலையில் சீக்கிரம் வருவாராம். அந்த நேரத்தில் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், நார்ம் வான் ப்ராக்லின் தனியாக உட்கார்ந்து பழைய ஆட்டங்களின் படச்சுருளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மேடன் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். எதிரணி இப்படி நின்றால் இவன் ஏன் அங்கே ஓடுகிறான், பந்து ஏன் இந்தப் பக்கம் போகிறது என்று வான் ப்ராக்லின் விளக்கிக்கொண்டே இருப்பாராம். ஆட வந்தவர் கற்றுக்கொடுப்பவரானது அந்த இருட்டு அறையில்தான்.

புதிதாகச் சேரும் ஓட்டுநர்களை என் பஸ்ஸில் ஏற்றி வழித்தடம் காட்டிக்கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. எங்கே திரும்ப வேண்டும் என்று சொன்னால் நாலு நாளில் மறந்துவிடுவார்கள். ஏன் அந்த நிறுத்தத்துக்கு முன்பே இடது தடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னால் மறப்பதில்லை. அதனால் அந்த இருட்டு அறையை நான் லேசில் தாண்டிப் போகவில்லை.

சரி, கேமுக்கு வருகிறேன். தெரியாதவர்களுக்காக: ஒவ்வொரு பக்கமும் 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு. கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு ரெய்டு, நிறுத்தம், அடுத்த ரெய்டு. என்ன, கபடியில் ஒருவர் பாடிக்கொண்டு போகிறார், இதில் பதினொரு பேரும் சேர்ந்து போகிறார்கள். மேடன் பயிற்சி கொடுத்த அணியின் பெயரே ரெய்டர்ஸ்.

ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும் முன் திரையில் மூன்று சின்னப் படங்கள் வரும். வட்டங்கள், அவற்றிலிருந்து வளைந்தும் நெளிந்தும் போகும் கோடுகள். யார் எங்கே ஓடுவது என்ற வரைபடம் அது. என் மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள கோலப் போட்டியா?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். புள்ளிக்கோலம் தெரிந்தவர்கள் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். பந்தை வீச ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பொத்தான். தட்டினால் மேலே மிதந்து போகும், அழுத்திப் பிடித்தால் தோட்டா மாதிரி போகும். எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். என் பெருவிரல் இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடித்து மரத்துப்போனது. முதல் மாதம் வீசியதில் பாதி எதிரணியின் கையில்.

இந்தக் கேமில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பதினொரு பேர்தான். 1984இல் இந்தக் கேமைச் செய்யும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ட்ரிப் ஹாக்கின்ஸ் மேடனைப் பார்க்கப் போனபோது, அன்றைய கணினிகளுக்கு 22 பேரைத் திரையில் ஓடவிடும் தெம்பு இல்லை. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் போதும் என்றார்கள். மேடன் ஒத்துக்கொள்ளவில்லை. பதினொரு பேர் இல்லாவிட்டால் தம் பெயரைப் போட வேண்டாம் என்று நின்றுவிட்டார். அதனால் வேலை வருஷக்கணக்கில் இழுத்து, 1988இல்தான் ஆப்பிள் 2 கணினிக்கு முதல் பதிப்பு வந்தது. அன்றைக்கு அவர் சரி என்று தலையாட்டியிருந்தால் எதிரணியைத் தடுத்து நிற்கும் அந்தத் தடியர்கள் ஐவரில் பாதிப் பேர் கேமில் இருந்திருக்க மாட்டார்கள். பந்தோடு ஓடாத, யாரும் பெயர் கேட்காத ஆட்கள் அவர்கள். மேடனே கல்லூரியில் ஆடிய காலத்தில் அந்த வரிசையில் நின்றவர்தான். மகன் பந்தை எறிபவனைப் பார்க்கிறான், நான் இப்போதெல்லாம் இவர்களைத்தான் பார்க்கிறேன். இடதுபக்கக் கடைசித் தடியன் அரை நொடி தாமதித்தால் எல்லாம் கெட்டது.

அந்தப் பேச்சு நடந்தது எங்கே தெரியுமா? ரயிலில். மேடன் விமானத்தில் ஏற மாட்டார். அடைபட்ட இடம் என்றால் அவருக்கு மூச்சு முட்டும். பயிற்சியாளராக இருந்த வருஷங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தவர், 1979இல் ஒரு பயணத்தின்போது பாதியில் இறங்கினார். அதற்குப் பிறகு சாகும்வரை ஏறவில்லை. அந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சி வர்ணனைக்குப் போயிருந்தார். வாரம் ஒரு ஊர். முதலில் ரயில், 1987இலிருந்து பஸ். மேடன் க்ரூஸர் என்று அதற்குப் பெயர். படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே, இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 4,700 கிலோமீட்டர். எங்கள் தீவில் துவாஸிலிருந்து சாங்கி வரை 50 கிலோமீட்டர் தேறும். அதற்கே நடுவில் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) வேண்டியிருக்கிறது. அப்போது ஹவாயில் நடந்த ஆட்டத்துக்கு வர்ணனை செய்ய மட்டும் அவரால் போக முடிந்ததே இல்லை, கடலைத் தாண்டி பஸ் போகாதல்லவா. கேமில் அந்த பஸ்ஸை ஓட்டவிட்டிருந்தால் இன்னும் ஒரு நட்சத்திரம் கூடக் கொடுத்திருப்பேன்.

கேமில் பயிற்சியாளராகவே ஆடும் ஒரு முறை உண்டு. ஃப்ராஞ்சைஸ் என்பார்கள். நான் இருப்பது அதில்தான். ஆள் எடுப்பது, சம்பளக் கணக்கு, வாரத்துக்கு ஒரு திட்டம். ரெய்டர்ஸை எடுத்துக்கொண்டேன், இப்போது அவர்கள் ஊர் லாஸ் வேகஸ். முதல் பருவத்தில் 17 ஆட்டத்தில் 4 வெற்றி. மேடன் அந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானது 1969இல், வயது 32. பத்து வருஷத்தில் 103 வெற்றி, 32 தோல்வி, 7 சமன். ஒரு வருஷம்கூட வெற்றியைவிடத் தோல்வி கூடியதில்லை. நூறு வெற்றிக்கு மேல் பெற்றவர்களில் அவருடைய விகிதத்தை எட்டியவர் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு அவர் வைத்த விதிகளும் மூன்றே மூன்று: நேரத்துக்கு வா, கவனித்துக் கேள், சொல்லும்போது உயிரைக் கொடுத்து ஆடு. முடி வளர்ப்பது, உடுப்பு பற்றியெல்லாம் மூச்சு விடமாட்டார். முதல் இரண்டு விதியை எங்கள் டிப்போ சுவரில் ஒட்டலாம்.

ஆனால் அந்தப் பத்து வருஷமும் இனிப்பாக இல்லை. 1972 டிசம்பர் 23, பிட்ஸ்பர்க். ரெய்டர்ஸ் 7, ஸ்டீலர்ஸ் 6, மிச்சம் 22 நொடி. எதிரணிக்குக் கடைசி வாய்ப்பு. வீசிய பந்து இரண்டு பேர் மோதிக்கொண்ட இடத்தில் பட்டுப் பின்னால் தெறிக்கிறது. தரையைத் தொடும் முன் ஸ்டீலர்ஸின் ஃப்ராங்கோ ஹாரிஸ் கணுக்கால் உயரத்தில் அதை அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறார். 13க்கு 7. பந்து பட்டது யார்மேல் என்பதைப் பொறுத்து அன்றைய விதிப்படி அது செல்லாமலும் போயிருக்கலாம். கடைசிவரை மேடனுக்கு அந்த முடிவு சமாதானமாகவில்லை. இறுதிக்கு முந்தைய படியிலேயே அவர் வழுக்கி விழுந்த வருஷங்கள் பல. கடைசியில் 1977 ஜனவரி 9 அன்று பாசடீனாவில் மினசோட்டா வைக்கிங்ஸை 32க்கு 14 என்று வென்று சூப்பர் பவுல் என்னும் இறுதிக் கோப்பையை எடுத்தார். இன்னும் இரண்டு பருவம் இருந்தார். 1978 ஆகஸ்ட்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவருடைய ஆட்டக்காரர் மோதியதில் எதிரணியின் டாரில் ஸ்டிங்லிக்குக் கழுத்து முறிந்து, உடம்பு செயலிழந்தது. மேடன் மருத்துவமனைக்கு ஓடினார், பிறகும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றுப்புண்ணும் படுத்தியது. அந்தப் பருவம் முடிந்ததும் 42 வயதில் விலகினார், மறுபடி பயிற்சிக்குத் திரும்பவில்லை.

கேமில் மோதல் நடந்தால் திரை அதிரும், கையில் இருக்கும் கருவியும் அதிரும். ஸ்டிங்லி பற்றிப் படித்த பிறகு அந்த அதிர்வை நிறுத்திவைத்துவிட்டேன். அமைப்புகளில் இருக்கிறது, ஒரு நிமிட வேலை.

குறைகள் உண்டு. மேடன் வர்ணனையில் திரையில் கோடு போட்டுக்காட்டி, இதோ பார், இவன் இடித்ததால்தான் அவன் தப்பினான் என்று சொல்லி அமெரிக்காவுக்கே ஆட்டத்தைப் புரியவைத்தவர். 2009 வரை செய்தார், 16 எம்மி தொலைக்காட்சி விருது. அவர் பெயர் தாங்கிய கேமின் வர்ணனையில் முதல் ஆட்டத்தைத் தாண்டினால் அவர் இல்லை. புதியவனுக்கு ஏன் என்று விளக்க ஆள் இல்லை, எந்தப் பொத்தான் என்று மட்டும் சொல்கிறது. அப்புறம் அந்த அல்டிமேட் டீம். சீட்டுக்கட்டு வாங்கு, உள்ளே நல்ல ஆட்டக்காரர் வருவார் என்று காசு கேட்கிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிரெடிட் அட்டை எண்ணைப் பதிந்து வைக்காதீர்கள். அந்தப் பக்கம் போகாமலே நான் எட்டு மாதம் ஓட்டிவிட்டேன், ஒன்றும் குறையவில்லை. மிகக் கடினமான நிலைக்கு ஆல் மேடன் என்று பெயர். ஒருமுறை முயன்றேன். 56க்கு 3. அந்த 3க்கே காப்பிக்கடையில் நண்பர்களுக்கு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். புதுப்பதிப்பு வருஷாவருஷம் வரும், அதற்குப் புது விலை கொடுக்க நான் தயாரில்லை. பழசை 15 வெள்ளிக்குக் கிடைத்தால் வாங்கலாம், அட்டையில் மேடன் இருக்கிறாரா என்று மட்டும் வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு மகன் கிளம்பும்போது, "இதை வித்துட்டு உண்மையான ஃபுட்பால் வாங்கலாம்ப்பா" என்றான். எனக்கு மூன்றாவது பருவம் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது வாய்ப்பு, ஒரு கஜம் பாக்கி. உதைத்து மூன்று புள்ளி எடுப்பதா, தடியர்களை நம்பி முட்டுவதா? செருப்பை மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தவன், பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "இடது பக்கமா போங்கப்பா" என்றான்.