ஜானே து யா ஜானே நா: ரகுமானின் லேசான கை

ரகுமானின் ஹிந்திப் பாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் 'தில் சே', 'லகான்', 'ரங் தே பசந்தி' என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதில் தப்பே இல்லை, ஆனால் 2008இல் வந்த 'ஜானே து யா ஜானே நா' அந்தப் பேச்சில் கடைசியாகத்தான் ஞாபகத்துக்கு வருகிறது என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் 'ஜோதா அக்பர்' வந்தது, முழுக்க அரண்மனைப் பிரமாண்டம். ஜூலையில் அதே மனிதர் மும்பைக் கல்லூரிப் பிள்ளைகளின் காதல் கலாட்டாவுக்கு இப்படி இறங்கி வந்து போட்டிருக்கிறார். அப்பாஸ் டயர்வாலா இயக்கிய முதல் படம் இது, பாட்டுகளும் அவர் எழுதியவைதான்.

'கபி கபி அதிதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பாடிய ரஷீத் அலி ஒரு கிடார் கலைஞர், குரலில் வித்தை காட்டும் ஆசையே அவரிடம் இல்லை. சோர்ந்து போன தோழியைத் தேற்றுகிற பாட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே போய்க்கொண்டிருக்கும். அப்புறம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சிரி என்பதைத் திரும்பத் திரும்ப அடுக்குகிறார், சரி, அது முடியாவிட்டால் கொஞ்சமாவது புன்னகை செய் என்று கேட்கும்போது அந்தக் 'கொஞ்ச'மும் திரும்பத் திரும்ப வருகிறது. வார்த்தை மட்டுமில்லை, மெட்டே கெஞ்சுகிறது! ஹிந்தி தெரியாதவர்களுக்கும் அது புரிந்துவிடும் என்பதுதான் இந்தப் பாட்டின் பலம்.

'பப்பு கான்ட் டான்ஸ்' பார்ட்டிப் பாட்டு. நீலக் கண், கிடார், பணம் என்று எல்லாம் உள்ள பையனுக்கு ஆட மட்டும் வராது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த பீட்டுக்குக் கால் ஆடாமல் உட்கார்ந்திருக்க முடியாது. பென்னி தயாளும் பாடிய பாட்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரகுமானே பாடிய 'து போலே மே போலூன்'. ஜாஸ். உச்சஸ்தாயியில் உருகும் ரகுமான் குரலுக்குப் பழகிய காதுக்கு, இங்கே அவர் சும்மா சாய்ந்து உட்கார்ந்து பாடுவதே புதுசாக இருக்கும். ஹெட்போனில்தான் கேட்க வேண்டும், பேருந்து இரைச்சலில் பாதி போய்விடும்.

'கஹீ தோ'வில் ரஷீத் அலியோடு வசுந்தரா தாஸ், நம் 'ஷக்கலக்க பேபி' குரல், இங்கே அப்படியே அடங்கிப்போய் மிதக்கிறது. தலைப்புப் பாட்டு இரண்டு வடிவம்: ரூனா ரிஸ்வி ஒன்று, சுக்விந்தர் சிங் ஒன்று. 'தையா தையா'வில் ரயில் கூரையே அதிரப் பாடிய அதே சுக்விந்தரை இவ்வளவு மெதுவாகப் பாட வைத்ததற்கே தனியாகக் கைதட்டலாம், இருந்தாலும் ரூனா பாடியதில்தான் 'நீ எனக்கு யார்' என்கிற அந்தக் கேள்வியின் தவிப்பு கூடுதலாக இருக்கிறது என்பேன்.

'நஸ்ரே மிலானா' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கேட்க ஜாலிதான், முடிந்ததும் மறந்துவிடுகிறது.

லேசான இசை என்றால் லேசான உழைப்பு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் 'அதிதி'யில் வாத்தியங்கள் எவ்வளவு குறைவு, அப்படியிருந்தும் எங்கேயும் வெறுமை தெரியாமல் அது எப்படி நிற்கிறது என்று ஒருமுறை கவனித்துக் கேட்க வேண்டும். அந்த வருஷம் ஃபிலிம்ஃபேர் சிறந்த இசை விருது 'ஜோதா அக்பரு'க்குப் போனது, ரகுமானுக்கேதான். என் கையில் இருந்திருந்தால் இதற்குத்தான் கொடுத்திருப்பேன்.