டொமைனை இடம் மாற்றும் முன்: நான்கு ரிஜிஸ்ட்ரார்கள், ஒரு அலசல்

முதல் வருடம் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிப் போட்ட டொமைனுக்கு, அதாவது தளத்தின் பெயருக்கு, இரண்டாம் வருட பில் வரும்போதுதான், அதைப் பதிந்து தரும் ரிஜிஸ்ட்ரார் என்று ஒருவர் நடுவில் இருப்பதே பலருக்கு நினைவுக்கு வருகிறது. போன வருடம் கொடுத்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்டிருப்பார்கள். கோபத்தில் வேறு இடம் தேடினால், அங்கேயும் வாசலில் "முதல் வருடம் மலிவு" என்று ஒரு பலகை. அதை நம்பி மாறினால் அடுத்த வருடம் அதே கதைதான்.

என் தளங்கள், நண்பர்களின் தளங்கள் என்று பத்துப் பதினைந்து டொமைன்களை இடம் மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, இரண்டாம் வருடத்திலிருந்து வரும் ரினியூவல் விலை. இன்னொன்று, நாளைக்கு அங்கிருந்து கிளம்ப நினைத்தால் எவ்வளவு இழுத்தடிப்பார்கள் என்பது. கிளவுட்ஃபிளேர், பொர்க்பன், நேம்சீப், கோடாடி நான்கையும் இந்தத் தராசில்தான் வைக்கப் போகிறேன்.

அதற்கு முன் அடக்க விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். டாட் காம் டொமைன்கள் எல்லாவற்றுக்கும் மூலக் கடை ஒன்றுதான்: வெரிசைன். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு டாட் காமுக்கு வருடத்துக்கு 10.26 டாலர் என்று ரிஜிஸ்ட்ரார்களிடம் அது வாங்குகிறது. டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்புக்குப் போகும் கட்டணம் இன்னொரு 20 சென்ட். ஆக அடக்கம் 10.46 டாலர். அதற்குக் கீழே யார் விற்றாலும் கையிலிருந்து போட்டுத்தான் விற்கிறார். போட்டதை உங்களிடமே பிறகு எடுப்பார். எங்கே வாங்கினாலும் சரக்கு ஒன்றேதான். விலை கூடிய இடத்தில் வாங்கிய டாட் காம் வேகமாகத் திறக்காது, தேடலில் முன்னால் வராது.

கிளவுட்ஃபிளேர்

2018-இல் டொமைன் விற்கும் சேவையை அறிவித்தபோதே "அடக்க விலைக்கே தருகிறோம், எங்களுக்கு லாபம் வேண்டாம்" என்றார்கள். இன்றும் அப்படித்தான். முதல் வருடம், பத்தாம் வருடம் எல்லாம் ஒரே கணக்கு. வெரிசைன் ஏற்றினால் இவர்களும் ஏற்றுவார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் என்ன, கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாமே என்றால், ஒரு நிபந்தனை இருக்கிறது. டொமைன் அங்கே இருக்கும் வரை நேம்சர்வரும் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் தளமும் மெயிலும் எந்த முகவரியில் இருக்கின்றன என்று சொல்லும் குறிப்பேடுதான் டிஎன்எஸ், அதை வைத்திருக்கும் சர்வர்தான் நேம்சர்வர். பெரிய நிறுவனங்களுக்கான திட்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, நமக்கு இல்லை. டிஎன்எஸ்ஸை வேறு இடத்தில் வைக்க நினைத்தால் டொமைனையே வெளியே எடுத்தாக வேண்டும். மாற்றிய புதிதில் என்றால் 60 நாள் பொறுக்கவும் வேண்டும்.

ஆனால் இதே நிபந்தனையில் ஒரு நல்லதும் இருக்கிறது. டொமைனைக் கொண்டுவரும் முன்பே தளத்தை அவர்கள் கணக்கில் சேர்த்து, நேம்சர்வரை மாற்றி, எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் டிரான்ஸ்ஃபர் பொத்தானே வேலை செய்யும். அதாவது முதலில் டிஎன்எஸ், பிறகு டொமைன். எங்கே மாற்றினாலும் இதுதான் சரியான வரிசை. இங்கே அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இந்த வரிசையைத் தவறவிட்டு நான் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

என் தயக்கம் வேறு. டிஎன்எஸ், தளத்தின் முன்னால் நிற்கும் கவசம், டொமைன் மூன்றும் ஒரே கணக்கில் இருந்தால், அந்தக் கணக்கில் ஏதாவது சிக்கல் வரும்போது மூன்றும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இலவசத் திட்டத்தில் இருப்பவருக்கு உடனே போன் போட்டுப் பேச ஆளும் கிடையாது. ஏற்கெனவே அங்கே டிஎன்எஸ் வைத்திருப்பவர் தாராளமாகப் போகலாம். டொமைனுக்காக மட்டும் புதிதாகப் போகிறவர் ஒருமுறை யோசிக்கலாம்.

பொர்க்பன்

பெயரைக் கேட்டால் விளையாட்டுக் கடை மாதிரி இருக்கும். பன்றிப் படம் வேறு. அதைப் பார்த்து நானே இரண்டு வருடம் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆனால் டாட் காம் ரினியூவல் விலை அடக்கத்துக்குச் சற்றே மேலே, அவ்வளவுதான். ஒவ்வொரு டொமைன் வகைக்கும் பதிவு, ரினியூவல், டிரான்ஸ்ஃபர் மூன்று விலைகளையும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு கடை நேர்மையானதா என்று பார்க்க எனக்கு இந்த ஒரு பட்டியல் போதும்.

நேம்சர்வர் உங்கள் இஷ்டம். டொமைன் பதிவில் இருக்கும் உங்கள் முகவரியை மறைக்கும் தனியுரிமை வசதி இலவசம், மெயில் ஃபார்வர்டிங்கும் இலவசம். ஒன்றிரண்டு டொமைன் வைத்திருப்பவர் என்னிடம் யோசனை கேட்டால் முதலில் வாயில் வருவது இந்தப் பெயர்தான். கிளவுட்ஃபிளேரைவிட வருடத்துக்குக் கொஞ்சம் சில்லறை அதிகம். அந்தச் சில்லறைக்கு டிஎன்எஸ்ஸை எங்கே வேண்டுமானாலும் வைக்கும் சுதந்திரம் கிடைக்கிறது.

தனியுரிமை பற்றி ஒரு வார்த்தை. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தனிநபர் விவரங்களைப் பொதுவில் காட்டுவது பெருமளவு நின்றுவிட்டது. இனியும் "உங்கள் முகவரியை மறைக்க வருடத்துக்கு இவ்வளவு" என்று ஒரு ரிஜிஸ்ட்ரார் கேட்டால், பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

நேம்சீப்

2000-இலிருந்து இருப்பவர்கள். தனியுரிமை இலவசம், நேம்சர்வர் சுதந்திரம் உண்டு, சாட்டில் ஆள் கிடைப்பார். குறை, பெயருக்கு எதிரான விஷயத்தில்தான். டிரான்ஸ்ஃபர் விலை கவர்ச்சியாக இருக்கும். ரினியூவல் அதைவிட ஏறியே இருக்கும். கூப்பன் தேடிப் பிடித்து வாழ்பவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவரும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 பிப்ரவரி கடைசியில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், ரஷ்யாவில் பதிவான வாடிக்கையாளர்களை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னது நேம்சீப். கொடுத்த அவகாசம் ஒரு வாரத்தை ஒட்டி. அது சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ரிஜிஸ்ட்ரார் எந்த நாட்டில் இருக்கிறார், அங்கே என்ன நடந்தால் நம் பெட்டியைக் கட்டச் சொல்வார் என்பதும் ஒப்பிட வேண்டிய விஷயம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கோடாடி

உலகிலேயே அதிக டொமைன்களைக் கையில் வைத்திருப்பது இவர்கள்தான். 1997-இல் ஆரம்பித்த நிறுவனம். டாட் காம் ரினியூவலின் பட்டியல் விலை 20 டாலரைத் தாண்டும், அதாவது அடக்கத்தைப் போல இரண்டு மடங்கு. பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள் மெயில் வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா, பக்கத்து டொமைனும் வேண்டுமா என்று சந்தைக் கடை மாதிரி கையைப் பிடித்து இழுப்பார்கள். டிக் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும்.

சரி, அப்படியானால் யாருக்குத்தான் இது? இரண்டு பேருக்கு. சிக்கல் வந்தால் போனில் ஒரு மனிதக் குரல் கேட்டால்தான் நிம்மதி என்பவருக்கு. அந்த வசதி இங்கே நிஜமாகவே இருக்கிறது. அப்புறம், டொமைனை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு. ஆஃப்டர்நிக் என்ற டொமைன் சந்தையை 2013-இல் இவர்கள் வாங்கிவிட்டார்கள். பட்டியலிட்டு விற்க நல்ல இடம். மற்றவர்கள் கூடுதல் காசு கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நல்ல கடையும் கைமாறும்

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஆயுளுக்கும் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். கூகுள் டொமைன்ஸில் இருந்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். 2023 ஜூனில் ஏறக்குறைய ஒரு கோடி டொமைன்களோடு அந்தக் கடையே ஸ்கொயர்ஸ்பேஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. பிரான்ஸின் கேண்டி, விவரம் தெரிந்தவர்களின் செல்லக் கடை. அதே 2023-இல் வேறொரு குழுமத்தோடு இணைந்ததும் விலை ஏறியது, டொமைனோடு இலவசமாக வந்த மெயில் பெட்டிகள் போயின. கிளம்புவது சுலபமாக இருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

கடையே மூழ்கிப்போனால்? அதுவும் நடந்திருக்கிறது. 2007-இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற ரிஜிஸ்ட்ராரின் அங்கீகாரத்தை ஐகேன் ரத்து செய்தது. அவர்களிடம் இருந்த டொமைன்கள் கோடாடிக்கு மாற்றப்பட்டன. இன்று அங்கீகாரம் பெற்ற ரிஜிஸ்ட்ரார்கள் பதிவு விவரங்களின் நகலை மூன்றாம் இடத்தில் ஒப்படைத்து வைக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் காசு கொடுக்கும் இடம் அப்படி அங்கீகாரம் பெற்றதா, அல்லது வேறொருவரின் சரக்கை வாங்கி விற்கும் ரீசெல்லரா என்பதை ஐகேனின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைக் கொடுத்தாலே பார்த்துவிடலாம். அங்கே வரும் பெயர் நீங்கள் கேள்விப்படாததாக இருந்தால், உங்கள் கடைக்காரர் பெரும்பாலும் ரீசெல்லர்தான்.

மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

நண்பர் ஒருவரின் டொமைனை மாற்றியபோது நடந்தது இது. பழைய ரிஜிஸ்ட்ராரே டிஎன்எஸ்ஸையும் கவனித்துக்கொண்டிருந்தார். டொமைன் புதிய இடத்துக்கு வந்ததும் தளத்தின் ஐபி முகவரியைப் போட்டேன், நேம்சர்வரை மாற்றினேன். தளம் திறந்தது. தூங்கப் போய்விட்டேன். மறுநாள் சாயங்காலம் நண்பர் கூப்பிட்டு, "காலையிலேர்ந்து ஒரு மெயில்கூட வரலையே, எல்லாரும் லீவா?" என்றார். மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை நான் போடவே இல்லை. பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று பழைய பேனலைத் திறந்தால், டொமைன் போனதுமே அங்கிருந்த ரெக்கார்டுகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். மெயில் சேவைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, மெயில் நிஜமாகவே நம் டொமைனிலிருந்து போகிறது என்று காட்டும் டிகேஐஎம் என்ற அந்த நீளமான சாவியை மறுபடி உருவாக்கி ஒட்டி முடிக்க அரை நாள் ஆனது.

அன்றிலிருந்து எதையும் தொடும் முன் பழைய பேனலில் உள்ள ரெக்கார்டுகளை வரி விடாமல் நகலெடுத்துவிடுகிறேன். டிஎன்எஸ்ஸை முதலில் மாற்றி, இரண்டு நாள் விட்டு, பிறகுதான் டொமைன். இரண்டு நாள் என்பது குத்துமதிப்பு இல்லை. டாட் காமில் நேம்சர்வர் விவரம் 48 மணி நேரம் வரை இணையச் சேவை தருபவர்களின் சர்வர்களின் நினைவில் தங்கலாம். டிஎன்எஸ் விவரம் போலியில்லை என்று கையொப்பம் வைத்துக் காட்டும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் முதலில் அதை நீக்கி, ஒரு நாள் பொறுத்து, அப்புறம் நேம்சர்வரில் கை வையுங்கள். இல்லையென்றால் தளம் சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காது. காரணம் தேடியே கிறுக்குப் பிடிக்கும்.

60 நாள் பூட்டு பலரைப் பிடிக்கும் இடம் வேறு. புதிதாகப் பதிந்த டொமைனையும் ஒருமுறை மாற்றிய டொமைனையும் 60 நாள் நகர்த்த முடியாது என்பது ஓரளவு தெரிந்ததே. ஆனால் "மாற்றும் முன் விவரங்களைச் சரிசெய்துவிடலாம்" என்று நல்ல பிள்ளையாகப் போய் உரிமையாளர் பெயரையோ மெயில் முகவரியையோ திருத்தினாலும் அதே பூட்டு விழக்கூடும். முதலில் மாற்றுங்கள், திருத்தம் பிறகு. பழைய மெயில் முகவரி செத்துப்போயிருந்தால் மட்டும் வேறு வழியில்லை, திருத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த முகவரி மாற்றப்போகும் டொமைனிலேயே இருக்கக் கூடாது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதையாகிவிடும்.

பழைய இடத்தில் டொமைனுக்குப் போட்டிருக்கும் லாக்கைத் திறந்து, அங்கே தரும் ரகசியக் குறியீடான ஆத் கோடைப் புதிய இடத்தில் கொடுத்ததும் பழைய ரிஜிஸ்ட்ராரிடமிருந்து ஒரு மெயில் வரும். "உங்கள் டொமைனை மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறது, இது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்தவும்" என்கிற பாணியில். பயந்து அதை அழுத்தியவர்களை எனக்குத் தெரியும். டிரான்ஸ்ஃபர் அங்கேயே ரத்து. நீங்களே கேட்டதென்றால் சும்மா இருந்தாலே போதும், 5 நாளில் தானாக நகர்ந்துவிடும். உடனே ஒப்புதல் தரும் பொத்தானைச் சில கடைகள் வைத்திருக்கின்றன. அதை எங்கோ மூலையில்தான் வைத்திருப்பார்கள்.

காலாவதி நெருங்கும் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றில் டிரான்ஸ்ஃபருக்குக் கட்டும் பணத்துக்கு இருக்கும் காலத்தோடு ஒரு வருடம் கூடுகிறது. எட்டு மாதம் மீதி இருந்தால் இருபது மாதமாகும். 10 வருட உச்சவரம்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. கடைசி வாரத்தில் ஓடி வந்து மாற்றுபவர்கள்தான் எங்காவது சிக்கி நிற்கிறார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பழைய கணக்குக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். டொமைன் போனாலும் அதோடு சேர்த்து விற்ற மெயில் பேக்கும் பாதுகாப்புச் சந்தாவும் அங்கேயே உட்கார்ந்திருக்கும், ஆட்டோ ரினியூவல் போட்டபடி. என் கார்டிலிருந்து ஒரு வருடம் கழித்து அப்படித்தான் பணம் போனது, அங்கே இல்லாத ஒரு டொமைனின் மெயிலுக்கு.