விறைப்புக் குறைபாடு: பிஆர்பி ஊசியும் பழைய மருந்துகளும் தரும் பக்கவிளைவுகள்

விறைப்புக் குறைபாட்டுக்குப் பிஆர்பி (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) ஊசியை நாடுவோர் முதலில் சொல்லும் காரணம், செலுத்தப்படுவது சொந்த இரத்தம்தானே, அதனால் என்ன கெடுதல் வந்துவிடும் என்பதே. இதில் பாதி உண்மை. கையிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்து விறைப்புத் திசுவுக்குள் செலுத்துவதால் ஒவ்வாமை வருவது அரிது. ஆனாலும் குத்திய இடத்தில் வலி, வீக்கம், இரத்தக்கட்டு உண்டாகலாம். பிரித்தெடுக்கையில் தூய்மை தவறினால் தொற்று ஏற்படலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் தட்டணு குறைந்தவர்களும் தவிர்ப்பதே நல்லது.

சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையின் பக்கவிளைவுப் பட்டியல் இதைவிட நீளமானது: தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, செரிமானக் கோளாறு, சிலருக்குப் பார்வையில் நீலச்சாயல். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் இதை உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். ஆயினும் 1998 முதல் பயன்பாட்டில் இருப்பதால், யாருக்கு ஆகாது என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. பட்டியல் நீளமாக இருப்பதற்கே பாதிக் காரணம், இத்தனை ஆண்டுகள் கவனித்து எழுதியதுதான்.

அதே விறைப்புத் திசுவில் குத்தி விறைப்பை உண்டாக்கும் மருந்தான அல்ப்ரோஸ்டாடில் ஊசியோடு பிஆர்பியை ஒப்பிடுவதே நியாயமானது. அல்ப்ரோஸ்டாடிலில் வலி பலருக்கு வரும். நாள்பட்ட பயன்பாட்டில் திசு தடித்து வளைவு ஏற்படலாம். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாவிட்டால் அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை. இவ்வகையில் பிஆர்பி மென்மையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அல்ப்ரோஸ்டாடில் சில நிமிடங்களில் வேலை செய்யும், அளவும் துல்லியமானது. பிஆர்பியிலோ தட்டணுச் செறிவு, சுழற்றும் முறை, ஊசிகளின் எண்ணிக்கை எல்லாமே இடத்துக்கு இடம் மாறுவதால், ஓரிடத்துப் பாதுகாப்பு முடிவை இன்னோரிடத்துக்குப் பொருத்த இயலாது.

பலன் பற்றிய சான்றும் முரண்படுகிறது. 2021இல் வெளியான, 60 பேர் பங்கேற்ற கிரேக்க ஆய்வு முன்னேற்றம் கண்டது. 2023இல் வெளிவந்த, 61 பேரைக் கொண்ட மயாமி ஆய்வோ போலி ஊசிக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. இரண்டிலும் பெரிய தீங்கு பதிவாகவில்லை; ஆனால் இவ்வளவு சிறிய ஆய்வுகளில் அரிதான தீங்கு கண்ணில் படாமலே போகலாம். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியும் பிஆர்பியைச் சோதனை நிலைச் சிகிச்சை என்றே வகைப்படுத்துகிறது.

என் கணிப்பில், பிஆர்பியின் பெரிய ஆபத்து ஊசியில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. விறைப்புக் குறைபாடு இதய இரத்தக்குழாய் நோயின் முன்னறிகுறியாக அமைவதுண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைச் சோதிக்காமல் நேரே ஊசிக்குத் தேதி கொடுக்கும் இடத்தைத் தவிர்த்துவிட்டு, மாத்திரை ஒத்துவராதவர்கள் முறையாகப் பதிவு செய்யப்பட்ட ஆய்வில் மட்டும் இதைப் பெறலாம்.