ரெக்கார்டர் பாக்ஸோடு பதினான்கு வருஷம்

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்துப் பிறகு பார்க்க உதவும் டிஷ் பெட்டிதான் ரெக்கார்டர் பாக்ஸ். எங்கள் வீட்டுக்கு அது வந்தது 2011 மார்ச்சில். உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. பகலிரவு ஆட்டங்கள் மதியம் இரண்டரைக்கு ஆரம்பிக்கும். நான் அந்த நேரம் வங்கிக் கவுண்டரில் இருப்பேன். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் அப்போது பெரும்பாலும் கேபிள்தான், நாலைந்து வீட்டு மாடியில் மட்டும் டிஷ். சாதாரண டிஷ் இணைப்பு ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்த காலத்தில், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வைத்த இந்தப் பெட்டிக்குப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில் அந்த வீட்டில் அதை அதிகம் பயன்படுத்தியது அம்மாதான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு சேனல் பதிவாக வேண்டுமென்றால் டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு இரண்டு கேபிள் வர வேண்டும். டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு அனுப்பும் எல்என்பி என்ற கருவியும் இரண்டு வாய் உள்ளதாக இருக்க வேண்டும். எங்களுக்கு மாட்ட வந்த பையன், “ஒன்னே போதும் சார், படம் சூப்பரா வருது பாருங்க” என்று ஒரு கேபிளை மட்டும் இழுத்துவிட்டுப் போய்விட்டான். படம் வந்தது. ஒரு சேனலைப் பதிவு போட்டுவிட்டு இன்னொன்றைப் பார்க்கத்தான் முடியவில்லை. மூன்று வாரம் போன் போட்டு, பிறகு வேறொருவர் வந்து சுவரில் இரண்டாவது ஓட்டை போட்டார். அதற்குள் கால் இறுதி, அரை இறுதி எல்லாம் முடிந்திருந்தன. ஏப்ரல் 2, இறுதி ஆட்டம் சனிக்கிழமை. அப்போது சனிக்கிழமைகளில் அரை நாள்தான் வங்கி என்பதால் நேரடியாகவே பார்த்தேன். ஆனாலும் பதிவு போட்டு, தோனியின் அந்த சிக்ஸர் அழிந்துவிடக் கூடாது என்று பூட்டும் போட்டு வைத்தேன். அப்போது என் கணக்கு அதுதான்: நல்லதாகப் பார்த்துப் பதிவு செய்து, ஒரு நூலகம் மாதிரி சேர்த்து வைக்க வேண்டும்.

எச்டி நிகழ்ச்சி என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட நாலு ஜிபி போகும். சாதாரண சேனல் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. சீரியல் பார்க்கிற வீட்டுக்கு 500 ஜிபி என்பது பெரிய நெற்குதிர்.

அந்தப் பெட்டி போட்ட காசை எடுத்தது 2012-இல், மின்வெட்டுக் காலத்தில்.

சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த வருஷம் என்றால் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். டெல்டாவில் பல நாள் பத்து மணி நேரத்துக்கு மேல் போனது. ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. இட்லிக்கு மாவாட்டுவதே கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான். எங்களிடம் ஒரு பேட்டரி வைத்த சின்ன இன்வெர்ட்டர் இருந்தது. இரண்டு ஃபேன், மூன்று லைட்டுக்கே அது திணறும். டிவியை அதில் மாட்டினால் ராத்திரி ஃபேன் நின்றுவிடும் என்று அப்பா டிவிக்குத் தடை போட்டிருந்தார். அம்மாவின் எட்டு மணி சீரியல் வாரத்தில் மூன்று நாள் இருட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள்தான் எனக்கு உறைத்தது. பதிவாவதற்கு டிவி எதற்கு? பெட்டி முப்பது வாட் சாப்பிடும், அவ்வளவுதான். மாடியில் இருக்கும் எல்என்பிக்கு வேண்டிய மின்சாரம் அதே கேபிள் வழியாகப் பெட்டியிலிருந்தே போகிறது. ஆக, பெட்டியை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டினால் போதும். டிவி அணைந்து கிடக்கும், வீடு இருட்டாக இருக்கும், பெட்டியின் முன்னால் சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்ததும் டிவியைப் போட்டு எட்டு மணிச் சீரியலை முதலிலிருந்து பார்க்கலாம்.

முதல் நாள் அம்மா நம்பவே இல்லை. “கரண்ட்டே இல்லாதப்போ ஓடினது எப்படிடா இதுக்குள்ள வந்துச்சு?” என்று கேட்டார். மறுநாள் பக்கத்து வீட்டு மாமி வந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் ஐந்து பேர். கரண்ட் வந்ததும் தெருவில் மற்ற வீடுகளில் மோட்டார் போடுவார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டு மணிக் காட்சி ஒன்பது மணிக்கு ஆரம்பமாகும். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிஷம் என்று விதி இருக்கிறது. அதையும் முன்கதையையும் தலைப்புப் பாட்டையும் ஓட்டிவிட்டால் அரை மணி சீரியல் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அடுத்த மின்வெட்டுக்கு முன்னால் மூன்று சீரியல் பார்த்துவிடுவார்கள். 30 மடங்கு வேகத்தில் ஓட்டி, கதை ஆரம்பிக்கிற இடத்தில் பிசகாமல் நிறுத்துவதில் அம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. நான் நிறுத்தினால் எப்போதும் பாதி வசனம் போயிருக்கும்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கிற அந்த ஒரு நொடி இடைவெளியில் சில சமயம் பெட்டி அணைந்து மறுபடி ஆரம்பிக்கும். அது எழுந்து, சிக்னல் பிடித்து, பதிவைத் தொடர நாலைந்து நிமிஷம் ஆகும். ஒரே சீரியல் இரண்டு துண்டாகக் கிடக்கும், நடுவில் யார் யாரை அறைந்தார்கள் என்று தெரியாது. கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பழைய 600 விஏ யுபிஎஸ்ஸை நடுவில் சொருகியதும் அது தீர்ந்தது. இன்றைக்கும் பெட்டி யுபிஎஸ்ஸில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள எந்தப் பெட்டியையும் சுவர் பிளக்கில் நேராக மாட்டாதீர்கள் என்பேன். நாம் எதையும் பதிவு செய்யாதபோதும், பின்னால் ஓட்டிப் பார்க்க வசதியாக, பார்க்கிற சேனலை அது எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி ஃபேன் நின்ற நேரத்தில் அந்த ரீங்காரம் கேட்கும்.

அப்பாவுக்கும் இந்தப் பெட்டிக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. இரண்டு சேனல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது சேனலைப் பார்க்க எங்கள் பெட்டி விடாது. எதை நிறுத்தட்டும் என்று திரையில் கேட்கும். அப்பா ஒன்பது மணி விவாதத்துக்கு வந்து உட்காருவார். கண்ணாடி போடாமல் சேனல் எண்ணை அழுத்துவார், என்னவோ கேட்கிறது என்று ஓகேயையும் அழுத்துவார். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்றரை வருஷமாகத் தொலைந்துபோயிருந்த மருமகள் வீட்டு வாசலுக்கு வந்த இடத்தோடு பதிவு நின்றது. அப்போது சனி, ஞாயிறு சீரியல் கிடையாது. அம்மா அந்த இரண்டு நாளும் அப்பாவுக்குக் காபியைக் கையில் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் தினசரி காலண்டர் தாளில் எந்த நேரத்தில் எந்த இரண்டு பதிவு என்று பென்சிலால் எழுதி டிவி பக்கத்தில் மாட்டத் தொடங்கினார்.

நிகழ்ச்சி அட்டவணையை நம்புவது பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டி கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதிவு செய்கிறது. சேனல்காரர்கள் பத்து நிமிஷம் தள்ளிப் போட்டால் அதற்குத் தெரியாது. கிரிக்கெட்டில் ஓவர் மந்தமாகப் போனால் கடைசி அரை மணி நேரம் போயே போச்சு. அதனால் எந்த ஆட்டத்துக்குப் பதிவு போட்டாலும் அதற்கடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் போடுவேன். தொடர் பதிவு போட்டால் பகல் மறு ஒளிபரப்பையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். பண்டிகை நாளில் “இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக” என்று போடுகிற படம் இரண்டரை மணி நேரம் என்றால் நாலு மணி நேரம் இடம் விட வேண்டும். தீபாவளிப் பட்டிமன்றத்தை மட்டும் நாங்கள் அன்றைக்குப் பார்ப்பதே இல்லை. சொந்தக்காரர்கள் போய்விட்ட பிறகு, மிச்சமிருக்கும் முறுக்கோடு மறுநாள்தான்.

2013 நவம்பர் 16, டெண்டுல்கரின் கடைசி டெஸ்ட். மூன்றாம் நாளே, சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே மேற்கிந்தியத் தீவுகள் இன்னிங்ஸ் தோல்வி. நான் சாயங்காலம் வரை பதிவு போட்டிருந்ததால் டெண்டுல்கர் விடைபெற்றுப் பேசிய அந்தப் பேச்சு முழுவதும் பெட்டியில் இருந்தது. ஆனால் சனிக்கிழமை மதியம் வங்கியிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒன்றரை கிலோமீட்டரில் அதை எனக்குச் சொல்லாதவர்கள் யாருமில்லை. டீக்கடையில், சைக்கிள் ஸ்டாண்டில், கடைசியாக எங்கள் தெரு அயர்ன்காரர். பதிவு செய்து பார்க்கிறவர்களுக்கு ஆட்டத்தைவிடக் கஷ்டமானது இந்த நடைதான்.

இப்போது நான் பூட்டி வைத்ததெல்லாம் என்ன ஆயிற்று என்ற கதை.

அப்பா வருஷா வருஷம் திருவையாற்றுக்கு ஆராதனைக்குப் போவார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். 2014 ஜனவரியில் பஞ்சரத்னக் கீர்த்தனை நேரடி ஒளிபரப்பை அம்மா பார்த்துக்கொண்டிருந்தபோது, கேமரா கூட்டத்தின் மேல் மெதுவாகப் போனது. நாலு நொடி, அப்பா. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. அம்மா யாரையும் கேட்காமல் பின்னால் ஓட்டி, மூன்று தடவை பார்த்து, பிறகு பதிவுப் பொத்தானையும் அழுத்தினார். பூட்டுப் போட்டது மட்டும்தான் நான். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த நாலு நொடி ஓடும். அப்பா மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

2017 கோடையில் பெட்டியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. படம் உறையும், பிறகு ஓடும். ஒரு வாரத்தில் முழுவதும் நின்றது. நிறுவனத்திலிருந்து வந்தவர் இரண்டு நிமிஷம் பார்த்தார். “டிஸ்க் போயிடுச்சு சார். வேற பாக்ஸ் தருவாங்க. உள்ள இருக்கிறது வராது.” டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். போட்டாலும் பிரயோஜனமில்லை, எல்லாம் பூட்டெழுத்தில் இருக்கிறது, அந்தப் பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது என்றார். பிற்பாடு படித்துப் பார்த்ததில் அவர் சொன்னது சரிதான். கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். ரீசார்ஜ் முடிந்த நாளில் பழைய பதிவுகூட ஓடாது என்பதை ஒன்றிரண்டு தடவை பார்த்தவன்தானே. பத்தாயிரம் கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் நான் சேர்த்து வைத்தது என் சொத்தில்லை. நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம், அதைச் சொல்லாமல் விற்றதற்கு. செல்போனால் டிவித் திரையை ஒரு படமாவது எடுத்து வைக்காத என் மேல் அதைவிடக் கோபம்.

அம்மா “ப்ச்” என்றார். அப்பா, “நான்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கேனே, என்னைப் பாரு” என்றார்.

மாற்றாக வந்தது யாரோ பயன்படுத்திப் பழுது பார்த்த பெட்டி. முன்பக்க எண்கள் எரியாது, மற்றபடி இன்றுவரை ஓடுகிறது. இதில் நான் எதையும் பூட்டுவதில்லை. அம்மாவின் முறைதான் எனக்கும் இப்போது: வரட்டும், பார்க்கலாம், அழிக்கலாம்.

மழை பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழை பிடித்தால் டிஷ் சிக்னல் போய்விடும். அந்த நேரப் பதிவு கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். 2018 கஜா புயலில் டிஷ் திரும்பிக்கொண்டது, சரி செய்ய ஆள் வர பத்து நாள் ஆயிற்று. பெட்டிக்குள் இருந்த பழைய பதிவுகளைப் பார்த்தே அம்மா அந்த நாட்களை ஓட்டினார். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்தபோது இன்னொரு தொல்லை. நூறு சேனலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153, அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. நான் கறாராகக் கணக்குப் போட்டுச் சில சேனலை வெட்டினேன். அதில் ஒன்றில் அம்மா தொடர் பதிவு போட்டிருந்தது தெரியாது. நாலு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார். பதினேழு ரூபாயில் அந்தப் பிரச்சினை முடிந்தது.

இப்போது யாராவது இதை வாங்கலாமா என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்றுதான் சொல்வேன். அதே சீரியல்கள் செயலிகளில் கிடைக்கின்றன. என் மகள் டிவிப் பக்கமே வருவதில்லை. சேமித்து வைக்கும் ஆசை இருந்தால், இலவச சேனல்களுக்கான சில சாதாரண பாக்ஸ்களில் பென் டிரைவ் சொருகிப் பதிவு செய்ய முடியும், அந்தக் கோப்பு கம்ப்யூட்டரிலும் ஓடும். வாங்கும்போது கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவுக்குச் செயலியைப் போட்டுக் காட்டினேன். தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, விளம்பரத்தை ஓட்ட முடியவில்லை, எழுத்து சின்னது. ரிமோட்டையே திரும்ப எடுத்துக்கொண்டார்.

நேற்றுப் பார்த்தபோது பெட்டி 71 சதவீதம் நிரம்பியிருந்தது. அதில் பாதி பகல் நேர மறு ஒளிபரப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அழிக்க வேண்டும்.