கேனன் கேனோநெட் க்யூஎல்17 ஜி3: ஒரு வருஷம் கழுத்துல மாட்டின பிறகு

இது பழைய ஃபிலிம் கேமரா. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி பின்மூடியைத் திறந்தா, வெளிச்சம் உள்ள போகாம அடைக்க ஓரத்துல இருந்த ஃபோம் எல்லாம் உருகி கருப்புக் கோந்து மாதிரி விரல்ல ஒட்டுது. 1972ல வந்த மாடல், ஃபோம் என்ன பண்ணும் பாவம். பல்குச்சியால சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு புதுசு ஒட்டினேன். அதைப் பண்ணாம ஃபிலிம் போட்றாதீங்க, லைட் லீக் ஆகும்.

இதுல எனக்குப் பிடிச்சதே ஃபோகஸ்தான். வ்யூஃபைண்டர் நடுவுல மஞ்சளா ஒரு சின்னக் கட்டம், அதுக்குள்ள மட்டும் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும், லென்ஸ்ல காது மாதிரி நீட்டிட்டு இருக்கற லீவரை விரலால மெதுவா தள்ளத் தள்ள ரெண்டும் நகர்ந்து வந்து ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். மூக்குக்கண்ணாடி ஃப்ரேம், சட்டை காலர்னு ஏதாவது ஒரு கோட்டைப் பிடிச்சுக்கிட்டா ஈஸி. என்னோடதுல கட்டம் ரொம்ப மங்கல், வ்யூஃபைண்டரோட முன்கண்ணாடி நடுவுல கட்டத்துக்கு நேரா குட்டியா கருப்பு டேப் ஒட்டின பிறகு பளிச்னு தெரியுது.

லென்ஸ் 40 எம்எம், எஃப் 1.7 (இந்த எஃப் நம்பர் குறையக் குறைய வெளிச்சம் அதிகமா உள்ள வரும்). ஒலிம்பஸ் 35 ஆர்சி கேமரா இதைவிட சின்னது, வெயிட்டும் கம்மி, ஆனா அது எஃப் 2.8 தான், சாயங்காலம் ஆனா நான் இதைத்தான் எடுப்பேன். எஸ்எல்ஆர் கேமரா மாதிரி க்ளிக் பண்ணும்போது உள்ள கண்ணாடி எகிறற வேலை இல்லாததால 1/15 செகண்ட்ல கூட கை ஆடாம எடுக்கலாம், சத்தமும் விரல் சொடுக்கற அளவுக்குக்கூட இல்ல.

கடுப்பேத்தறது வெளிச்சத்தை அளக்கற மீட்டர். அந்தக் காலத்து 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்குன்னு செஞ்சது, அது இப்ப இல்ல. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டா படம் இருட்டா வருது, காது மெஷின்ல போடற 675 பேட்டரி 1.4 வோல்ட், அதைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம் மாட்டி ஓட்டறேன். ஆட்டோ மோட்ல ஷட்டர் ஸ்பீடு நாம வைக்கணும், அப்பர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு திறக்கணும்னு) அதுவே பாத்துக்கும், வெளிச்சம் பத்தலைன்னா ஷட்டரே லாக் ஆயிடும். மேனுவலுக்குத் திருப்பினா பேட்டரி இல்லாமலே எல்லா ஸ்பீடும் ஓடும், ஆனா மீட்டர் சுத்தமா ஆஃப். முள்ளாவது காட்டித் தொலைச்சிருக்கலாம்!

அப்படித்தான் ஒருநாள் பேட்டரி செத்துப்போய் மேனுவல்ல ஜாலியா எடுத்துட்டு இருந்தேன், ஆட்டோவா இருந்திருந்தா லாக் ஆகி சொல்லியிருக்கும், இது சொல்லல, வ்யூஃபைண்டர் லென்ஸ் வழியா பாக்காத தனி ஜன்னல்ங்கறதால அதுல எல்லாம் ஜோரா தெரியுது, பதினோரு படம் கழிச்சுப் பாத்தா லென்ஸ்ல மூடி அப்படியே இருக்கு. இப்ப மூடிக்குப் பதிலா லென்ஸ் முன்னாடி 48 எம்எம் யூவி ஃபில்டர் கண்ணாடி ஒண்ணு மாட்டிட்டேன், மூடி வீட்ல டப்பாக்குள்ள கிடக்குது.