25 நிமிட டைமரா, 90 நிமிடக் கட்டமா? ஆடிட்டர் அலுவலகத்துக்கு எது ஒத்துவரும்

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனை விவரப் படிவம்), 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரிச் சுருக்கப் படிவம்) கடைசி நாள். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே ஓடும் ஆடிட்டர் அலுவலகத்தில் கவனம் சிதறாமல் வேலை பார்க்க இரண்டு வழிகள் அதிகம் சொல்லப்படுகின்றன. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற போமொடோரோ ஒன்று. காலையிலேயே நாளைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வேலை என்று எழுதிவைப்பது இன்னொன்று. விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் எந்த வேலைக்கு எது என்பது தெரிந்துவிடும்.

கொள்முதல் பில்களை டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றும் வேலைக்கு டைமர்தான். ஒரு பில் முடிந்தால் முடிந்தது. அடுத்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுந்து போய் வந்தாலும் அடுத்த பில்லை எடுத்தால் போதும். சலிப்புதான் இங்கே எதிரி, மணி அடிக்கப்போகிறது என்ற நினைப்பு சலிப்பைத் தாங்க வைக்கும். முதல் நாள் 25 நிமிடத்தில் எத்தனை பில் ஏறுகிறது என்று எண்ணி, மறுநாள் அந்த எண்ணிக்கையில் கட்டு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். டைமரைப் போனில் வைக்க வேண்டாம். அணைக்கப் போகும் கை வாட்ஸ்அப்பில் போய் நிற்கும். விண்டோஸ் 11-இன் கடிகாரச் செயலியிலேயே இதற்கு வசதி இருக்கிறது. ஓய்வு 5 நிமிடம் என்றால் தண்ணீர் குடிக்கலாம், டீக்கடைக்குப் போக முடியாது. டீயை நான்கு சுற்றுக்குப் பிறகு வரும் 15 முதல் 30 நிமிட இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் லெட்ஜரையும் ஒத்துப்பார்க்கும்போது இதே டைமர் கெடுதல் செய்கிறது. வித்தியாசம் 2,700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அப்படியானால் 4,700ஐ 7,400 என்று இலக்கம் மாற்றி அடித்திருக்கலாம். அது இல்லையென்றால் பாதியான 1,350ஐத் தேட வேண்டும், செலவு வரவில் ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் காட்டும். எந்தத் தேதி வரை சரி, எந்தச் சந்தேகத்தைத் தள்ளியாயிற்று, எது பாக்கி என்ற மூன்றும் தலைக்குள் நிற்கும்போது மணி அடித்தால் மூன்றும் கலையும். திரும்பி வந்து முதல் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆட்கள்தான் அதிகம். இந்த வேலைக்கு 90 நிமிடக் கட்டம் வேண்டும். 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து வரும் கொள்முதல் வரிப் பட்டியல்) வந்ததும் கொள்முதல் பதிவோடு அதை ஒப்பிடும் வேலையும் இதே ரகம்.

கட்டத்தின் பலவீனம் மதிப்பீடு. ஒரு மணி நேரம் என்று எழுதிய வேலை ஒன்றரை மணி நேரம் இழுக்கும். 11 மணிக்குள் நாளே சரிந்துவிடும், பிறகு அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. தோன்றிய நேரத்தோடு பாதி சேர்த்து எழுதுங்கள். மதியத்துக்குப் பின் அரை மணி நேரம் காலியாக விடுங்கள். தாளின் வலது பக்கத்தில் இடம் விட்டுவைத்தால், சரிந்த பிறகு மீதி நாளை அங்கே புதிதாக எழுதலாம்.

குறுக்கீடு வந்தால்? போமொடோரோவை 1980களின் இறுதியில் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து உருவாக்கிய இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோவின் விதி கறாரானது: நடுவில் அறுந்த சுற்று கணக்கில் சேராது. “சார், சலான் எவ்வளவு கட்டணும்?” என்று கட்சிக்காரர்கள் அழைத்தபடியே இருக்கும் அலுவலகத்தில் இந்த விதியைக் காப்பாற்றுவது கஷ்டம். 12 முதல் 12.30, 4.30 முதல் 5 என்று போனுக்கே இரண்டு கட்டம் ஒதுக்கி அவர்களுக்கும் சொல்லிவிடுவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. 10, 11 தேதிகளில் மட்டும் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

வெறும் வேலைப் பட்டியல் மூன்றாவது வழி. எதையும் மறக்காமலிருக்க உதவும். எப்போது செய்வது என்பதை அது சொல்லாது.

எந்த வழியானாலும், பாதியில் எழ நேர்ந்தால் ஒரு நிமிடம் எடுத்துத் துண்டுச்சீட்டில் எழுதிவிட்டு எழுங்கள். முடியாத வேலையின் நினைப்பு அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டே வரும் என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் காட்டினார். சீட்டில் இவ்வளவு போதும்: “நடப்புக் கணக்கு, 17 வரை சரி. வித்தியாசம் 2,700. இலக்க மாற்றம் பார்த்தாச்சு, இல்லை. அடுத்து 1,350.”