அப்பாவின் பழைய செட்டா, புது புளூடூத் ஸ்பீக்கரா?

காசிமேடு, ராயபுரம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று பழைய ஸ்டீரியோவைச் சும்மா விடாது; வால்யூம் குமிழைத் திருகினாலே கரகரவென்று சத்தம் வரும், அதைக் கேட்டுவிட்டு நிறைய பேர் செட்டைக் காயலான் கடையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். பெரும்பாலும் அது குமிழுக்கு உள்ளே படிந்த அழுக்குதான், கான்டாக்ட் கிளீனர் என்ற அழுக்கு நீக்கும் ஸ்பிரேயை அடித்து நாலு தடவை திருப்பினால் போய்விடும். டேப் டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் பாட்டு இழுக்கும், ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வருஷக்கணக்கில் பொடிப்பொடியாய் உதிரும், இரண்டையும் மாற்றலாம். கரண்டைச் சேர்த்து வைக்கும் பாகமான கெபாசிட்டர் வேலையை மட்டும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும்.

புளூடூத் ஸ்பீக்கர் கைக்கு அடக்கம், மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகலாம், சரி. ஆனால் அதன் லித்தியம் பேட்டரி வருஷம் போகப் போகத் தேயும், பல மாடல்களில் அதைக் கழற்றி மாற்றுவது பெரும்பாடு. இடதும் வலதும் தள்ளி நின்று பாடும் அந்த விரிவும் ஒரு சின்ன டப்பாவில் வராது.

இடம் இல்லை என்றால் புதுசு வாங்குங்கள். அப்பா பேனாவால் பாட்டு வரிசை எழுதிய கேசட்டுகள் வீட்டில் இருந்தால் பழசைத்தான் சரிபண்ண வேண்டும், அதில் ஏதோ ஒன்றில் அவர் குரலே பதிவாகியிருக்கலாம். செட்டின் பின்னால் ஆக்ஸ் இன் (வெளியிலிருந்து பாட்டை வாங்கும் சாக்கெட்) இருந்தால் ஒரு புளூடூத் ரிசீவரை மாட்டிவிட்டு போன் பாட்டையும் அதிலேயே கேட்கலாம்.